எதிரே சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது: மிட்டாய்க் கடை என்ன செய்வது?

கேள்வி கேட்ட தம்பிக்கு வணக்கம். மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்பா 30 வருஷமாக மிட்டாய்க் கடை நடத்துகிறார். போன ஆவணியில் எதிர் வரிசையில் ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். அதிலிருந்து உங்கள் வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. விலையைக் குறைக்கலாமா, நாமும் பாக்கெட் போட்டு அவர்களுக்கே கொடுக்கலாமா, இல்லை கடையை வாடகைக்கு விட்டுவிட்டு அப்பாவை ஓய்வெடுக்கச் சொல்லலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நான் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு மிட்டாய்க் கடைக் குடும்பத்தில் பிறந்தவன். பத்து வயதில் தீபாவளி நேரத்தில் அட்டைப் பெட்டி மடிக்க உட்கார்ந்தவன், அடுப்படிக்குப் போய் 20 வருஷம் வேலை பார்த்தேன். அதற்கப்புறம் சூப்பர் மார்க்கெட்டுகளுக்குக் கார வகைகள் சப்ளை செய்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்த தைரியத்தில் எழுதுகிறேன்.

மூன்று கேள்விக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையைக் குறைக்காதீர்கள். பாக்கெட் போடுங்கள், ஆனால் இரண்டு மூன்று சரக்கை மட்டும். கடையை விடுவதா வேண்டாமா என்பதை சூப்பர் மார்க்கெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு வேறொரு விஷயம் பார்க்க வேண்டும், கடைசியில் வருகிறேன்.

முதல் வேலையாக ஒரு நோட்டுப் போடுங்கள். "வியாபாரம் குறைந்துவிட்டது" என்று மொத்தமாகச் சொன்னால் வைத்தியம் பார்க்க முடியாது. ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு தட்டிலும் காலையில் எத்தனை கிலோ வைத்தீர்கள், ராத்திரி எவ்வளவு மிஞ்சியது என்று சரக்கு வாரியாக எழுதுங்கள். நான் பார்த்த கடைகளில் எல்லாம் கணக்கு ஒரே மாதிரிதான் வந்தது. மிக்ஸர், காராபூந்தி, சிப்ஸ், சோன்பப்டி, கடலை மிட்டாய் இறங்கியிருக்கும். அல்வா, ஜிலேபி, லட்டு, பால்கோவா, கருப்பட்டி மிட்டாய் இறங்கியிருக்காது. இறங்கியிருந்தாலும் கொஞ்சம்தான்.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வரிசை மாதக்கணக்கில் தாங்கும். இரண்டாவது வரிசை நாள் கணக்குத்தான். சூப்பர் மார்க்கெட் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது முதல் வரிசையைத்தான், ஏனென்றால் அவர்களால் விற்க முடிந்தது அது மட்டும்தான். ஒரு பாக்கெட் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி, கிடங்குக்குப் போய், மொத்த வியாபாரியிடம் தங்கி, கடை அலமாரிக்கு வந்து சேரவே வாரங்கள் ஆகிவிடும். அதற்குப் பிறகு அலமாரியில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாங்கியவர் வீட்டிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே நாலு மாதம், ஆறு மாதம் தாங்காத எதையும் அந்த வழியில் அனுப்ப முடியாது. அவர்கள் நல்ல சரக்கு, மோசமான சரக்கு என்று பிரிப்பதில்லை. தாங்கும், தாங்காது என்றுதான் பிரிக்கிறார்கள். நம் தொழிலில் பாதி, தாங்காத பக்கம் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நான் கடை என்று சொல்வேன்.

ஏன் சிலது தாங்குகிறது, சிலது தாங்குவதில்லை? தண்ணீர்தான் காரணம். கிருமிக்கும் பூஞ்சைக்கும் வளரத் தண்ணீர் வேண்டும். சீனி அதிகமாக இருந்தால் தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிக்கு எட்டாது. எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரிந்ததில் தண்ணீர் அநேகமாக இருக்காது. அதனால் காராச்சேவு தாங்கும், கடலை மிட்டாய் தாங்கும். கோதுமைப் பால் எடுத்து, சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டி, நெய் வெளியே கக்கும் வரை சுருள வைத்த திருநெல்வேலி அல்வாவும் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். பால் இனிப்புக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. பசும்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர். 10 லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி ஒன்றேகால் கிலோ சீனி போட்டால் மூன்று கிலோ சொச்சம் பால்கோவா இறங்கும். அவ்வளவு சுண்டிய பிறகும் அதில் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்தில்தான் அதன் ருசியே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டாள் கோவில் பக்கம் போய்ச் சூடு ஆறாத பால்கோவாவை இலையில் வாங்கித் தின்றவருக்கு, அதே பெயர் போட்ட பிளாஸ்டிக் டப்பாவைப் பதினைந்து நாள் கழித்துத் திறந்தால் வித்தியாசம் உடனே தெரியும். மணல் மாதிரி நறநறவென்று இருக்கும்.

பாக்கெட்காரர்கள் இதைச் சமாளிக்கச் செய்வதையும் தெரிந்துகொள்ளுங்கள், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ரசகுல்லா, குலாப் ஜாமூனை டின்னில் அடைத்து மூடிச் சூடேற்றுகிறார்கள். கார வகைகளைப் பாமாயிலில் பொரித்து, உறையில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புகிறார்கள், காறல் வாடை சீக்கிரம் வராது. சோன்பப்டி உலர்ந்தது, எடை குறைவு, பெட்டி நிறையும். அதனால்தான் எந்த ஊர் அலமாரியிலும் அது முதலில் நிற்கிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. அந்த வேலைக்கு அந்தச் சரக்கு.

இப்போது நம் பக்கத்துச் சரக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி மிட்டாய். இட்லி அரிசியும் உளுந்தும் ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்த மாவு. நடுவில் ஓட்டை போட்டுத் தைத்த கெட்டித் துணியில் மாவை அள்ளி மூட்டை மாதிரி பிடித்து, காயும் எண்ணெய்க்கு மேலே கையைச் சுற்றிக்கொண்டே பிழிய வேண்டும். கை நின்றால் அந்த இடம் தடித்துவிடும், வேகம் கூடினால் இழை அறுந்துவிடும். பொரிந்ததை எண்ணெய் வடித்து, சூட்டோடு கருப்பட்டிப் பாகில் அமுக்க வேண்டும். பாகில் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டிருக்கும். பொரிந்த இழைக்கு உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம் இருக்கும், பாகு அதற்குள் ஏறிக்கொள்ளும். கடித்தால் முதலில் மொறுக்கென்று உடையும், அப்புறம் பாகு நாக்கில் வழியும். சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டது எட்டு மணி வரை அப்படி இருக்கும். மறுநாள் காலையில் ஓடு இளகிவிடும், ருசி இருக்கும், மொறுமொறுப்பு இருக்காது. இதை எந்தத் தொழிற்சாலையும் பாக்கெட்டில் போட்டு அந்த நாலு மணி நேரத்தைக் கொடுக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்திருக்கிற உங்கள் அப்பாவால் தினமும் கொடுக்க முடியும்.

ஆனால் கொடுக்கிறாரா? இதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நிறைய கடைகளில் காலையிலேயே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, சரக்குப் போடுகிற மாஸ்டர் மதியம் கிளம்பிவிடுகிறார். சாயங்காலம் வருகிறவருக்கு ஆறிப்போன ஜிலேபிதான் கிடைக்கிறது. ஆறிய ஜிலேபிக்கும் பாக்கெட் இனிப்புக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை, அப்புறம் அவர் ஏன் ரோட்டைக் கடந்து உங்களிடம் வர வேண்டும்? நேரத்தை மாற்றுங்கள். ஜிலேபி, கருப்பட்டி மிட்டாய் இரண்டையும் மாலை நாலு மணிக்கு மேல் சின்னச் சின்ன ஈடாகப் போடச் சொல்லுங்கள். அடுப்பு ஒன்றைக் கடை வாசலுக்குக் கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அந்த வாசனை ரோட்டில் இருந்தால் போதும். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடையை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் திறப்பார்கள், அல்வா தீர்ந்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. பெயர்ப் பலகைகூட இல்லாமல் வரிசை நிற்கிறது. எல்லோரும் இருட்டுக்கடை ஆக முடியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் நேரம் குறித்து, அன்றைக்குப் போட்டது அன்றைக்கே தீரும் அளவுக்குப் போடுகிற பழக்கம் எந்தச் சின்னக் கடைக்கும் முடியும்.

சரி, விலைக்கு வருகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் மைசூர்பாகுப் பெட்டி உங்கள் விலையைவிடக் குறைவாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியைத் திருப்பிப் பின்னால் படியுங்கள். முதலில் எழுதியிருப்பது எது என்று பாருங்கள், பொருள் பட்டியலை எடை அதிகமானதிலிருந்து தொடங்கித்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். சீனி, தாவரக் கொழுப்பு, கடலை மாவு, கடைசிப் பக்கம் கொஞ்சம் நெய் என்று இருக்கும். நெய் கிலோ 600, 700 ரூபாய் விற்கும்போது, வனஸ்பதி மாதிரித் தாவரக் கொழுப்பு அதில் கால்வாசிதான். அந்த விலை எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் முதல் பெரிய பலசரக்குக் கடை வந்த வருஷம், தீபாவளிக்கு அவர்கள் விலையைப் பார்த்து எங்கள் பெரியப்பா பயந்துவிட்டார். மைசூர்பாகில் நெய்யைப் பாதியாக்கி, மீதிக்கு வனஸ்பதி விட்டார். கிலோவுக்கு விலையும் குறைத்தார். அந்தத் தீபாவளி வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பொங்கலுக்கு முந்தின வாரம், வருஷக்கணக்காக எங்களிடம் வாங்குகிற ஆச்சி ஒருத்தர் வந்தார். ஒரு துண்டை எடுத்து விரலில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். "என்னப்பா, கையில வாசம் நிக்கலையே?" என்று கேட்டுவிட்டு, துண்டைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. அதற்கப்புறம் அவர் வரவே இல்லை. அவர் வீட்டில் நடந்த இரண்டு கல்யாணத்துக்கும் ஆர்டர் எங்களுக்கு வரவில்லை. பெரியப்பா அடுத்த மாதமே முழு நெய்க்குத் திரும்பினார். ஆனால் அந்தப் பேரைத் திரும்ப எடுக்க எங்களுக்கு நாலைந்து வருஷம் ஆயிற்று. வனஸ்பதி வாயின் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும், நெய் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். வாடிக்கையாளருக்கு இதற்குப் பெயர் தெரியாது, வித்தியாசம் தெரியும். அதனால்தான் விலையைக் குறைக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

வாங்குகிறவருக்கு விலை கட்டவில்லை என்றால் அளவைக் குறைத்து விற்கப் பழகுங்கள். அரைக் கிலோதான் குறைந்தபட்சம் என்று சில கடைகளில் முகத்தைக் காட்டுகிறார்கள். 50 கிராம், இரண்டு துண்டு, ஒரு ஜிலேபி என்று கேட்டாலும் இலையில் வைத்து மரியாதையாகக் கொடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ஜிலேபி வாங்க முடியாது.

அடுத்து மனதுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்லப் போகிறேன், அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நம்மிடமிருந்து போன வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ருசிக்காகவோ விலைக்காகவோ போகவில்லை. ஈ மொய்க்காத இடத்துக்குப் போனார்கள். விலை எழுதி ஒட்டியிருக்கிற இடத்துக்குப் போனார்கள். பில் கொடுக்கிற இடத்துக்குப் போனார்கள். நம் கடைகளில் கிலோ எவ்வளவு என்று கேட்டால்தான் தெரியும். பணம் வாங்கிய கையாலேயே லட்டை எடுப்பார்கள். இவை எல்லாம் சரி செய்யக்கூடியவை, பெரிய செலவும் கிடையாது. கண்ணாடிக் கதவு, இடுக்கி, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் விலைச் சீட்டு, கல்லாவுக்கு ஒரு ஆள், எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள்.

பெட்டியோடு சேர்த்து எடை போடுகிற பழக்கம் உங்கள் கடையில் இருந்தால் நாளைக்கே நிறுத்துங்கள். கனமான அட்டைப் பெட்டியை இனிப்பு விலைக்கு நிறுத்துக் கொடுப்பது நம் தொழிலில் பரவிப்போன அநியாயம். சட்டப்படி நிகர எடை என்பது உள்ளே இருக்கும் பொருளின் எடை மட்டும்தான். காலிப் பெட்டியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, வாடிக்கையாளர் கண் முன்னால் இனிப்பை நிறுத்துப் போடுங்கள். இதை ஒருவர் பார்த்துவிட்டால் பத்துப் பேரிடம் சொல்வார்.

2020 அக்டோபர் 1 முதல் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டின் முன்னால் எழுதி வைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது. தயாரித்த தேதியையும் எழுதலாம், அது நம் விருப்பம். அந்த உத்தரவு வந்தபோது நம் ஆட்கள் நிறையப் பேர் புலம்பினார்கள். எனக்கு அப்போதும் அது நமக்குச் சாதகமாகத்தான் பட்டது. பாக்கெட்டில் தேதி இருக்கும், பொடி எழுத்தில், மூன்று மாதத்துக்கு முந்தின தேதி. நீங்கள் சிலேட்டில் பெரிதாக எழுதலாம்: "பால்கோவா, இன்று காலை 9 மணிக்கு இறக்கியது, மூன்று நாளுக்குள் சாப்பிடவும்." இந்த ஒரு வரியை எதிர் வரிசை அலமாரியில் எழுத முடியாது. மூன்று நாள் தாண்டிய சரக்கைத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிற கட்டுப்பாடு மட்டும் உங்களுக்கு வேண்டும். அதற்குத்தான் அந்த நோட்டுக் கணக்கு, மிஞ்சாத அளவு எது என்று அதுதான் சொல்லும்.

கலர் விஷயத்தில் தாராளம் வேண்டாம். அனுமதித்த செயற்கை நிறமே கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு ஜிலேபி இந்த அளவைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். கருப்பட்டி மிட்டாய்க்கு நிறமே வேண்டாம், கருப்பட்டியே நிறம். கருப்பட்டியிலும் சீனி கலந்து வருகிறது, அதனால் பதநீர்க் காலத்தில், பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில், உடன்குடிப் பக்கமோ வேம்பார்ப் பக்கமோ காய்ச்சுகிறவர்களிடமே போய் வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி வையுங்கள். உடைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பாக்கெட் போடுவது பற்றிக் கேட்டீர்கள். பாக்கெட் கார வகைகளுக்குப் பேர்போன ஹல்திராம் கம்பெனி, 1937-ல் ராஜஸ்தானில் இருக்கிற பிகானேரில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கியதுதான். இன்று உலகம் முழுக்கப் போகிறது. அதைத் தூக்கிக்கொண்டு போனதில் புஜியா என்ற உலர்ந்த காரத்துக்குத்தான் பெரிய பங்கு. நம்மூரில் அந்த வேலைக்கு ஏற்றவை காராச்சேவு, கடலை மிட்டாய், முறுக்கு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஊர் எல்லைக்குள் செய்து, பதிவும் செய்தவர்தான் அந்தப் பெயரைப் பாக்கெட்டில் போடலாம். நீங்கள் போட வேண்டாம், உங்கள் ஊர் பெயரையே போடுங்கள். பொருள் பட்டியல், நிகர எடை, அதிகபட்ச விலை, தேதி, உரிம எண், பச்சை வட்டம், கடலையும் பாலும் இருப்பதைச் சொல்லும் ஒவ்வாமைக் குறிப்பு எல்லாம் உறையில் வர வேண்டும்.

இந்தப் பாக்கெட்டை முதலில் உங்கள் கடையிலேயே விற்றுப் பாருங்கள். சென்னைக்கும் கோவைக்கும் திரும்பிப் போகிற பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் வாங்கிக் கொடுத்தனுப்ப அது தோதாக இருக்கும். சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுப்பதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஒரு சங்கிலிக் கடை விற்பனை விலையில் 30 சதவீதம் கழிவு கேட்டது, கொடுத்தேன். பணம் 60 நாளில் தருவதாகச் சொன்னார்கள், 100 நாளானது. விற்காமல் தேதி தாண்டிய பாக்கெட்டும், அவர்கள் ஆட்கள் மேலே பெட்டி அடுக்கி நொறுக்கிய பாக்கெட்டும் என் கணக்கில் திரும்பி வந்தன. ஒரு தடவை 140 பாக்கெட் முறுக்கு மாவாகத் திரும்பி வந்தது. கொடுப்பதென்றால், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொண்டு கொடுங்கள். 2006-ம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு தயாரிப்பாளருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. திரும்பி வருகிற சரக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மொத்த உற்பத்தியில் கால் பங்குக்கு மேல் ஒரே கடைக்குப் போக விடாதீர்கள்.

தீபாவளி உங்களுக்கே தெரியும், அதிகம் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியபோது சாக்லேட்டுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நம் இனிப்புக்கு முன்பும் 5, இப்போதும் 5. அலுவலகங்களில் இனிப்புப் பெட்டியா சாக்லேட் பெட்டியா என்று யோசிக்கும்போது நமக்கிருந்த வரி வித்தியாசம் போய்விட்டது. அதற்குப் பதிலாக நெய்க்கும் பாக்கெட் கார வகைகளுக்கும் 12-லிருந்து 5 ஆக இறங்கியது. நெய்யில் மிச்சமாகும் காசை நெய்யிலேயே போடுங்கள்.

தீபாவளியைவிட நான் நம்புவது சீர் ஆர்டரை. தலைத் தீபாவளி, வளைகாப்பு, பெண் அழைப்பு, சடங்கு, புதுமனை. "வெள்ளிக்கிழமை விடியக்காலை 5 மணிக்கு 101 அதிரசம், 101 கை முறுக்கு, 51 லட்டு, லட்டு தேங்காய் அளவு இருக்கணும்" என்று ஒருவர் வந்து கேட்டால் எந்த சூப்பர் மார்க்கெட் கொடுக்கும்? அதிரசத்துக்கு மாவு பிசைந்து இரண்டு மூன்று நாளாவது புளிக்க வைக்க வேண்டும். ஐந்து சுற்று முறுக்கா, ஏழு சுற்று முறுக்கா என்பது வீட்டுக்கு வீடு மாறும். எந்த வீட்டில் எந்தச் சீருக்கு எத்தனை, என்ன அளவு என்பது உங்கள் அப்பா தலையில் 30 வருஷமாக இருக்கிறது. அதை இன்னொரு நோட்டில் எழுதி வாங்குங்கள், தெரு வாரியாக, குடும்ப வாரியாக. அந்த வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது நீங்களே போய், "அக்கா கல்யாணத்துக்கு ஏழு சுற்றுத்தான் போட்டோம், இதுக்கும் அதேதானே அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். ஆர்டர் எங்கே போகும்? பலகாரத்தைப் பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள், பெட்டி முடைகிறவர்களுக்கும் பிழைப்பு. அதிரசத்தின் எண்ணெயை ஓலை இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் வியர்ப்பது போல வியர்க்காது.

இப்போது கடைசியில் சொல்கிறேன் என்று சொன்ன விஷயம். கடையை வாடகைக்கு விடுவதா என்ற கேள்வி. எனக்குத் தெரிந்து மூடிய மிட்டாய்க் கடைகளில் சூப்பர் மார்க்கெட்டால் மூடியவை குறைவு. சரக்கு மாஸ்டர் போய்விட்டார், அவருக்குப் பின் ஆள் இல்லை, அதனால் மூடியவைதான் அதிகம். மாஸ்டர் போனதும் முதலாளி மதுரையிலிருந்தோ சிவகாசியிலிருந்தோ மொத்த விலைக்கு இனிப்பை வரவழைத்துத் தட்டில் அடுக்குவார். கடை இருக்கும், பெயர் இருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். அதோடு அதுவும் ஒரு சூப்பர் மார்க்கெட் அலமாரிதான், ஏசி மட்டும் இல்லாத அலமாரி. இரண்டு வருஷத்தில் மூடுவிழா.

உங்கள் கேள்வியில் மாஸ்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்கு வயது என்ன? எத்தனை வருஷமாக இருக்கிறார்? கீழே கைப்பிள்ளையாக யாராவது நிற்கிறார்களா? தினக்கூலியா, மாதச் சம்பளமா? அடுப்படியில் காற்று வருகிறதா? சித்திரையில் அந்த அடுப்புக்கு முன்னால் அரை நாள் நீங்கள் நின்று பாருங்கள், அப்புறம் அவர் சம்பளத்தைப் பற்றி அப்பாவிடம் பேசுங்கள். ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக் கொடுத்து, பிள்ளைகள் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுத்து, மாஸ்டரைத் தக்கவைத்த கடைகளை எனக்குத் தெரியும். அவை இன்றும் நடக்கின்றன.

அதோடு நீங்களே பாகு பழகுங்கள். படித்திருக்கிறேன், வேறு வேலை இருக்கிறது என்று ஒதுங்காதீர்கள். பாகு தெரியாத முதலாளி மாஸ்டர் லீவு போட்டால் கடைக்கும் லீவு விடுகிறவர். லட்டுக்கு ஒற்றைக் கம்பி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டை வைத்துப் பிரித்தால் ஒரு நூல் அறுபடாமல் நிற்க வேண்டும். அதிரசத்துக்கு அதைத் தாண்டி, தண்ணீரில் விட்டால் கரையாமல் மெத்தென்று உருட்ட வர வேண்டும். கடலை மிட்டாய்க்கு இன்னும் தாண்டி, தண்ணீரில் விட்டெடுத்த உருண்டையைத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் பல்லில் ஒட்டும், ஒரு நிமிஷம் பிந்தினால் பாகு முறிந்து பூத்துவிடும். மழை நாளில் கொஞ்சம் கூடுதலாக முற்ற விட வேண்டும், காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுக்கும். தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு பழகினாலும் தப்பில்லை, ஆனால் விரலும் காதும் பழகும் வரை விடாதீர்கள்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் விடியக்காலை 4 மணிக்கு மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். மைசூர்பாகுக்குப் பாகு கம்பி வந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள், அவர் மாவைக் கொட்டும் வரை எண்ணுங்கள். முதல் நாள் எத்தனை வந்தது, ஏழாவது நாள் எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள். மாஸ்டர் வயதையும் சேர்த்து எழுதுங்கள், கடையைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.